சனி இரவு சங்க மின்னஞ்சல் நிறுத்தம்

வணக்கம். இந்தச் சனி இரவு 9 முதல் 11 வரை நம் மெயில் சர்வர் ஓடாது. அப்போது வரும் கடிதங்கள் தொலையாது. அனுப்பிய சர்வர் மீண்டும் முயலும்.

காரணம்: ஒவ்வொரு கடிதத்துக்கும் ஸ்பேம் வடிகட்டி பல டிஎன்எஸ் (இணையப் பெயர்களின் முகவரிப் புத்தகம்) கேள்விகள் கேட்கிறது. எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை) மட்டுமே 10 கேள்விகள் வரை போகலாம், ஸ்பேம் அனுப்புவோரின் கறுப்புப் பட்டியல்கள் தனி. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்டால் ஸ்பேம்ஹாஸ் என்ற கறுப்புப் பட்டியல் 127.255.255.254 என்ற பிழைக் குறியைத்தான் தரும். வடிகட்டி அதை 'ஸ்பேம்' என்று படித்தால் நல்ல கடிதமும் போய்விடும்.

1. அதனால் சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வரை ஏற்றுகிறோம். பதில்கள் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கும். நிர்வாகிகள் கவனிக்க: ஃபார்வர்டர் (கேள்விகளை வேறு ரிசால்வருக்குத் தள்ளிவிடும் அமைப்பு) எதுவும் சேர்க்காதீர்கள், பிழை திரும்பிவிடும்.
2. உபகாரச் சம்பளப் பாரங்களைச் சனி மாலை 6க்குள் அனுப்புங்கள்.
3. கடிதம் 550 (ஏற்க மறுப்பு) என்று திரும்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டும் நேரமும் இங்கே போடுங்கள்.

வெள்ளிக்குள் 'பார்த்தேன்' என்று பதில் தாருங்கள்.