சம்பந்தி வீட்டு மேசையில் பேச வேண்டிய இத்தாலிய மொழி

பலெர்மோ,
மார்ச் 14

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. ஜூலை மாதம் நீ இங்கே வரப்போகிறாய் என்பதையும், மருமகளின் பெற்றோர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துக்கு உன்னை அழைத்திருக்கிறார்கள் என்பதையும் வாசித்தபோது, பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் இருந்தவள் என் வீட்டுப் படியேறி வரப்போகிறாள் என்ற மகிழ்ச்சியில் அன்று வேலை ஓடவில்லை. முழங்கால் வலியைத் தவிர நான் நலமாக இருக்கிறேன். இந்நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் மலைக்கோவிலுக்கு நம்மவர்கள் ஞாயிறுதோறும் நடந்து ஏறுகிறார்கள். நான் இப்போது பேருந்தில்தான் போய் வருகிறேன்.

பாடநூலில் உள்ள வசனங்களையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டாய் என்றும், ஆனால் மேசையில் எதை எப்போது சொல்வது என்பதுதான் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதற்கு முன் ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறேன். நம் 'சம்பந்தி'க்கு நேரான சொல் இத்தாலிய மொழியில் இருக்கிறது. பெண் என்றால் 'கொன்ஸுவோச்செரா', ஆண் என்றால் 'கொன்ஸுவோச்செரோ'. அந்த உறவுக்கென்று தனிப்பெயர் வைத்திருக்கிற மக்களிடம்தான் நீ போகிறாய் என்பதை நினைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

நான் இங்கு வந்த முதல் மாதம் நடந்ததை உனக்கு இதுவரை எழுதியதில்லை. நான் பராமரித்துவந்த மூதாட்டியின் வீட்டில் ஒரு ஞாயிறு அவருடைய பிள்ளைகள் கூடியிருந்தார்கள்; என்னையும் தங்களுடன் அமரச் சொன்னார்கள். மத்தி மீனும் காட்டுப் பெருஞ்சீரகமும் முந்திரிவற்றலும் சேர்த்துச் செய்த பாஸ்தாவை அந்த அம்மா எழுந்து நின்று தம் கையால் பரிமாறினார். இரண்டாம் முறை என் தட்டுக்கு அகப்பை வந்தபோது, வாழையிலையை மறிக்கிற அதே பழக்கத்தில் தட்டின்மேல் கையை விரித்து, 'போதும், போதும்' என்பதை அப்படியே அவர்கள் மொழியில் ஆக்கி, "பாஸ்தா, பாஸ்தா" என்றேன். அகப்பை அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து ஒரு துளி மேசைவிரிப்பில் விழுந்ததும், அவர் ஒன்றும் பேசாமல் அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு அமர்ந்ததும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. பாத்திரம் கழுவும்போது அவருடைய மகள் பக்கத்தில் வந்து மெதுவாக விளக்கினார். அந்தச் சொல்லைத் தனியே சொன்னால், சத்தம் போடும் குழந்தையை அதட்டுவதற்கும், சண்டையை முடித்துவைப்பதற்கும் சொல்லும் 'நிறுத்து' ஆகிவிடுமாம். அதையே "பாஸ்தா கொஸி, கிராத்ஸியே" என்று சொன்னால், 'இவ்வளவு போதும், நன்றி' என்ற இதமான பொருள் வந்துவிடும். "ஸோனோ அ பொஸ்தோ, கிராத்ஸியே" என்பதும் நல்லது. 'எனக்குத் திருப்தியாகிவிட்டது' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வயிறு நிரம்பிவிட்டது என்று நேரடியாகச் சொல்வதைத் தவிர்த்துவிடு.

உணவின் பெயரும் 'போதும்' என்ற சொல்லும் நம் எழுத்தில் ஒன்றாகவே வருகின்றன; அவர்கள் காதுக்கு அவை வேறு வேறு. உணவுக்கு 'பாடம்' என்பதில் வரும் முதல் எழுத்தைப் போலவும், போதுமென்பதற்கு 'பம்பரம்' என்பதன் நடுவில் வரும் பகரத்தைப் போலவும் ஒலிக்க வேண்டும். இவ்விடத்தில் நமக்குக் கொஞ்சம் பயிற்சி தேவை. ஆனால் ஒற்று இரட்டிப்பதில் மற்ற அயல்நாட்டார் படுகிற பாடு நமக்கில்லை. 'ஓ ஸேதே' என்றால் தாகமாயிருக்கிறது என்று பொருள்; அதையே 'ஸெத்தே' என்று அழுத்திவிட்டால் ஏழு என்ற எண்ணாகிவிடும். பத்துக்கும் பதத்துக்கும் வேறுபாடு தெரிந்து வளர்ந்த நமக்கு இது இயல்பாக வரும்.

இனி அந்த நாளை வாசலிலிருந்தே தொடங்குகிறேன். கதவு திறந்திருந்தாலும், கையைப் பிடித்து உள்ளே இழுத்தாலும், வாசற்படியைத் தாண்டும்போது "பெர்மெஸ்ஸோ" என்று சொல்லிக்கொண்டே கால் வைக்க வேண்டும். 'உள்ளே வரலாமா' என்று அனுமதி கேட்கும் சொல் அது. "அவாந்தி" என்றோ "பிரேகோ" என்றோ மறுமொழி வரும். செவ்வந்திப் பூ மட்டும் கொண்டுபோகாதே. நமக்கு அது பூசைக்கும் மங்கல காரியங்களுக்கும் உரிய பூ. இங்கே நவம்பர் 2ஆம் நாள் இறந்தோரை நினைந்து கல்லறைகளில் வைக்கிற பூ. ஞாயிறு விருந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இனிப்புக் கடையில் ஒரு தட்டு நிறையச் சிறு பலகாரங்கள் வாங்கி, தாள் சுற்றி நாடா கட்டிக் கொண்டுபோவார்கள்.

"அ தாவொலா!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தால் மேசைக்கு அழைக்கிறார்கள் என்று பொருள். கை கழுவ விரும்பினால், "பொஸ்ஸோ லவார்மி லே மானி?" என்று கேள். எல்லோருக்கும் பரிமாறி முடிந்து, வீட்டுத் தலைவி முள்ளுக்கரண்டியை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது யாராவது "புவோன் அப்பெதீதோ" என்பார்கள். அதற்கு நீ "கிராத்ஸியே, அல்த்ரெத்தாந்தோ" என்று சொல்ல வேண்டும். 'நன்றி, தங்களுக்கும் அவ்வாறே' என்பது அதன் பொருள். 'அப்பெதீதோ'வில் தகரம் தனியாக வந்தாலும் வல்லினமாகவே ஒலிக்கட்டும். 1558ஆம் ஆண்டு வெனிசில் அச்சான ஜொவான்னி தெல்லா காஸாவின் நூலிலிருந்து 'கலாதேயோ' என்ற சொல் இங்கே நன்னடத்தை விதிகளுக்கே பெயராகிவிட்டது. அந்த விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறவர்களில் சிலர், உண்பதற்கு முன் 'புவோன் அப்பெதீதோ' சொல்வதே தகாது என்பார்கள். அந்த வாதத்தை நீ பொருட்படுத்த வேண்டியதில்லை. குடும்பங்களில் அதைச் சொல்லாமல் உணவு தொடங்குவதை நான் பார்த்ததில்லை. சொல்கிறவருக்கு மறுமொழி தராதிருப்பதே மனத்தைத் தொடும் குறை.

நன்றி சொல்வதில்தான் நமக்கும் அவர்களுக்கும் உண்மையான வேறுபாடு இருக்கிறது. சோறு போட்டவருக்கு நன்றி சொன்னால் அந்நியமாக்கிவிட்டதாகக் கருதும் வீட்டில் நாம் வளர்ந்தோம். இங்கே தண்ணீர் ஊற்றினாலும் பாண் கூடையை நகர்த்தினாலும் 'கிராத்ஸியே' சொல்ல வேண்டும். ஏதேனும் வேண்டுமா என்று கேட்டால், அந்த ஒரு சொல்லோடும் நிறுத்தாதே. வேண்டுமானால் "ஸீ, கிராத்ஸியே" என்றும், வேண்டாமென்றால் "நோ, கிராத்ஸியே" என்றும் தெளிவாகச் சொல். நீ எவ்வளவு மறுத்தாலும் "அங்கோரா உன் போ?" என்று, 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், சிசிலித் தாய்மாரின் வற்புறுத்தல் நம் அம்மாக்களின் வற்புறுத்தலுக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆகையால் முதல் பரிமாறலில் கொஞ்சமாக எடுத்துக்கொள். பாஸ்தா முதல் உணவுதான். அதன்பின் மீனோ இறைச்சியோ, காய்கறி, பழம், இனிப்பு, கோப்பி என்று மூன்று மணி நேரமும் போகலாம்.

வேண்டுகோளின் மரியாதையை வினைச்சொல்லின் ஈற்றில் வைப்பதில் நாமும் அவர்களும் ஒன்றே. 'தா', 'தாருங்கோ', 'தருவீங்களோ' என்று நாம் படிப்படியாக மரியாதையை ஏற்றுகிறோம் அல்லவா? உப்பைக் கேட்க மருமகளிடம் "மி பாஸ்ஸி இல் சாலே?" என்பாய், சம்பந்தியிடம் "மி பாஸ்ஸா இல் சாலே?" என்பாய், இன்னும் பணிவு வேண்டுமானால் "மி பாஸ்ஸெரெப்பே இல் சாலே, பெர் ஃபவோரே?" என்பாய். அவர்களுடைய மரியாதைச் சொல்லான 'லேய்' என்பது உண்மையில் 'அவள்' என்ற சொல்தான். எதிரில் இருப்பவரைப் படர்க்கையில் நிறுத்தி மதிப்புக் கொடுக்கிறார்கள். இந்தச் சிசிலித் தீவின் முதியவர்களுக்குப் பன்மையான 'வோய்' சொல்லும் பழக்கமும் இருந்திருக்கிறது. அது நம் 'நீங்கள்' போன்றதே. சம்பந்தி "தியாமோச்சி தெல் தூ" என்று சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். 'நாம் ஒருவரையொருவர் நீ என்றே அழைத்துக்கொள்வோம்' என்ற அழைப்பு அது. மூத்தவர் அதைச் சொன்னபின் தயங்காமல் ஏற்றுக்கொள். அதற்கு முன்னர் நீயாக 'தூ' என்று தொடங்காதே. உணவகத்திலும் 'எனக்கு வேண்டும்' என்று நேரடியாகச் சொல்லும் 'வோல்யோ'வை விட்டுவிட்டு, 'விரும்புவேன்' என்ற பொருளுள்ள 'வொர்ரேய்' என்றே தொடங்கு.

இன்னொரு வடிவம் உனக்கு மிகவும் பிடிக்கும். 'நான் இதை விரும்புகிறேன்' என்று அவர்கள் சொல்வதில்லை. "மி பியாச்சே" என்கிறார்கள். அது சொல்லுக்குச் சொல் நம் 'எனக்குப் பிடிக்கிறது' என்பதேதான். பிடிக்கிற பொருள் எழுவாயாகவும், நாம் நான்காம் வேற்றுமையிலும் நிற்கிறோம். பொருள்கள் பலவானால் வினை "மி பியாச்சொனோ" என்று பன்மையாகும். வகுப்பில் மற்ற நாட்டார் இதைத் தலைகீழாக யோசித்துக் களைத்தபோது எனக்கு அது ஒரே நாளில் வசப்பட்டது. சமைத்தவரைப் பாராட்ட "கொம்ப்லிமெந்தி!" என்ற ஒரு சொல் போதும். ஆனாலும் எந்தக் கறி பிடித்தது என்று பெயர் சொல்லிப் பாராட்டினால் அவர்கள் முகம் மலரும். கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைத்த கபொனாத்தா நிச்சயம் இருக்கும், அதைச் சொல்லலாம்.

நீ இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்பதை மகனிடம் சொல்லி முன்கூட்டியே தெரிவித்துவிடு. மேசையில் சொல்ல நேர்ந்தால் "ஸோனோ வெஜெதாரியானா" என்பதோடு நிறுத்தாமல், "நோன் மாஞ்ஜோ நே கார்னே நே பேஷே" என்று இரண்டையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள். இறைச்சியை விட்டவர் மீன் உண்பார் என்று நினைத்துவிடுகிறவர்களும் உண்டு.

கைகளை மடியில் ஒளிக்காமல், மணிக்கட்டுகள் மேசை விளிம்பில் இருக்கும்படி வை, முழங்கையை ஊன்றாதே. ஸ்பகெத்தியைக் கத்தியால் நறுக்காமல், இரண்டு மூன்று இழைகளை முள்ளுக்கரண்டியில் சுற்றி எடு. பாணைக் கையால் பிய்த்து உண்ணலாம். தட்டில் மிஞ்சிய குழம்பைப் பாண்துண்டால் துடைத்து உண்பதற்கு 'ஃபாரே லா ஸ்கார்பெத்தா', அதாவது 'சின்னச் சப்பாத்துச் செய்தல்' என்று பெயர். பெரிய விருந்துகளில் அது பொருந்தாது. வீட்டு மேசையில் சமைத்தவருக்குச் செய்யும் மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள். வீட்டார் தொடங்கினால் நீயும் செய். மது அருந்தாவிட்டாலும் தண்ணீர்க் குவளையை உயர்த்தி, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து "ஸலூதே" என்று சொல். உண்டு முடிந்ததும் பால் கோப்பி கேட்காதே. அதைக் காலையில் அருந்துவார்கள். சிறு கிண்ணத்தில் கடுங்கோப்பி வரும்.

கடையில் வாங்கிய இனிப்பை விட, நீ சுடும் பயற்றம் பணியாரம் கொண்டுபோவதே எனக்குப் பிடித்திருக்கிறது. தகரப் பேணியில் இறுக்கமாக அடைத்துக்கொண்டு வா. இங்கே நான் தட்டும் நாடாவும் வாங்கி வைக்கிறேன். கொடுக்கும்போது "லி ஓ ஃபாத்தி இயோ" என்று சொல்ல வேண்டும். 'இவற்றை நானே செய்தேன்' என்று பொருள். 'ஃபாத்தி'யில் ஒற்றை நன்றாக அழுத்து. விமான நாள் உறுதியானதும் எழுது. முதல் நாள் இரவு என் வீட்டு மேசையில் இரண்டு தட்டு வைத்து, எல்லாவற்றையும் ஒருமுறை பேசிப் பார்த்துவிடுவோம்.

உன் பழைய வாங்குத் தோழி