ராத்திரி நெஞ்சுவலி வந்தால் யாருக்குப் போன் போடுவது? பாலிகிளினிக் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஈ.சி.ஹெச்.எஸ். (முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரிகளுக்கும் மண்டல மைய இயக்குநருக்கும்,

ஜெய்ஹிந்த். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு, கட்டிய மருத்துவச் செலவைத் திரும்பக் கேட்கும் கிளைம் எழுதிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: எமர்ஜென்சியில் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கத் தாள். திட்டத்தின் கார்டு கொடுக்கும்போதே அதையும் படைவீரரின் மனைவி கையில் கொடுங்கள்.

2003 ஏப்ரல் 1-இல் தொடங்கிய இந்தத் திட்டம் சாதாரண நாளில் ஒழுங்காகவே ஓடுகிறது. திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையமான பாலிகிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, ரெபரல் என்ற பரிந்துரைச் சீட்டு வாங்கி, எம்பேனல் ஆஸ்பத்திரிக்கு, அதாவது திட்டத்தின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் கைக்காசு செலவில்லை. சிக்கல் அகால நேரத்தில்தான். அஞ்செட்டியிலோ அரூரிலோ ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், எம்பேனல் பட்டியலைப் பார்த்தா வண்டி ஏற்றுவார்கள்? எது பக்கமோ அங்கே ஓடுவார்கள். திட்டம் அதை அனுமதிக்கவும் செய்கிறது. ஆனால் வீட்டில் விதி தெரிந்த ஒரே ஆள் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார்.

தாளில் முதலில் வர வேண்டியது இது. எம்பேனல் ஆஸ்பத்திரியாக இருந்தால் எமர்ஜென்சிக்கு ரெபரல் தேவையில்லை. கார்டைக் காட்டினால் சேர்த்துக்கொள்ள வேண்டும்; ஆன்லைனில் தகவல் ஏற்றுவது ஆஸ்பத்திரியின் வேலை. "ரெபரல் கொண்டு வாங்க, இல்லேன்னா அட்வான்ஸ் கட்டுங்க" என்று கவுன்ட்டரில் சொன்னால் யாருக்குப் போன் போடுவது என்ற நம்பர் அதே வரியில் இருக்கட்டும். சிகிச்சை தாமதமாகும் என்றால் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்தட்டும். அதற்கு மேல் வாக்குவாதம் செய்ய அது நேரமில்லை.

எம்பேனல் இல்லாத ஆஸ்பத்திரி என்றால், சேர்த்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். பில்லை முதலில் குடும்பம்தான் கட்ட வேண்டும். கிளைம் போட்டால் திரும்பி வருவது சி.ஜி.ஹெச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) கட்டண விகிதப்படிதான், கட்டிய தொகை முழுவதும் அல்ல. இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. ஆகவே ஆபத்துக் கட்டம் தாண்டியதும் எம்பேனல் ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது நல்லது என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

கிளைம் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது எமர்ஜென்சி சர்டிபிகேட்டில். "நெஞ்சுவலியுடன் வந்தார், சிகிச்சை அளிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அது எமர்ஜென்சி என்பதற்கு அதில் ஒரு ஆதாரமும் இல்லை. வந்த தேதி, மணி, அப்போதைய ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஈ.சி.ஜி.யில் தெரிந்தது, வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தால் உயிருக்கு ஆபத்து ஏன் என்பது, இத்தனையும் வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். அப்புறம் அந்த டாக்டரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

அடுத்தது பில். "மருந்து" என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் செல்லாது. எந்த மருந்து, எத்தனை, என்ன விலை என்று பிரித்த பில் வேண்டும். ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் பெட்டியில் உள்ள ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் சேர வேண்டும். அந்த ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டு ஆஸ்பத்திரி ரெக்கார்டுக்குள் போய்விடும். நகலாவது கேட்டு வாங்காவிட்டால் கிடைக்காது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் ரசீதுகள், பரிசோதனை ரிப்போர்ட், கார்டு நகல், கேன்சல் செக் எல்லாம் வழக்கமானவைதான். கொடுக்குமுன் முழுக் கட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைக்கட்டும்.

வார்டு பற்றி ஒரு வரி போதும்: ஹவில்தார் வரை பொது வார்டு, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை செமி பிரைவேட். தனி ரூம் கேட்டால் வித்தியாசத் தொகை அவரவர் பொறுப்பு.

தாளின் அடியில், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வேறு, பாலிகிளினிக் வேறு என்றும் எழுதுங்கள். அது மாநில அரசு அலுவலகம்; கிளைம் அங்கே நகராது. பஸ் ஏறி அங்கே போய் வரிசையில் நிற்கிற அம்மாக்களுக்கு இது யாருமே சொல்லாத செய்தி.

48 மணி நேரம் ஞாயிற்றுக்கிழமைக்காக நிற்பதில்லை. உங்கள் கதவு பூட்டியிருக்கும். ஆகையால் விடுமுறையிலும் ஆள் எடுக்கிற ஒரு செல்போன் நம்பர் அந்தத் தாளில் கட்டாயம் வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பினால் "தகவல் வந்து சேர்ந்தது" என்று ஒரு பதில் வரட்டும். கிளைமில் வைக்க அதுவே சாட்சி.

தமிழ் வரைவை நாங்கள் எழுதித் தருகிறோம். நீங்கள் சரிபார்த்து முத்திரை வைத்துக் கொடுங்கள். அச்சுச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட முன்னாள் படைவீரர்கள் சிலர்