மின்சிக்கனப் பணிக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் மேற்கொண்டுவரும் மின்சிக்கனப் பணிக்குத் துணைநின்ற அனைவருக்கும் ஒருங்கிணைப்புக் குழுவின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி மின்பணியாளர்களுக்கு உரியது. பெரிய விரிவுரைக் கூடத்தின் விளக்குகள் அனைத்தும் ஒரே சுவிட்சில் இணைக்கப்பட்டிருந்ததால், முன்வரிசையில் நான்கு பேர் மட்டும் அமர்ந்து படித்தாலும் கூடம் முழுவதும் விளக்கெரிய வேண்டியிருந்தது. இதை எங்களுக்குச் சுட்டிக்காட்டியதோடு நில்லாமல், வரிசைக்கொரு சுவிட்சாக இணைப்பைப் பிரித்து, எது எந்த வரிசைக்குரியது என்பதைப் பலகையிலேயே எழுதியும் ஒட்டினார்கள். எத்தனை சுவரொட்டி ஒட்டியிருந்தாலும் இந்தப் பயன் கிடைத்திருக்காது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கட்டடந்தோறும் துணை மீட்டர் பொருத்த இசைந்த நிர்வாகத்திற்கும் கடமைப்பட்டிருக்கிறோம். வளாகம் முழுவதற்கும் ஒரே மின்கட்டணப் பட்டியல் மட்டுமே வந்ததால், எந்த விடுதியில் எவ்வளவு செலவாகிறது என்பதை யாரும் அறிய வழியில்லாதிருந்தது. இப்போது அந்தந்த விடுதி மாணவர்களே வாரந்தோறும் மீட்டரைப் பார்த்து அறிவிப்புப் பலகையில் எழுதுகிறார்கள்.

75 வாட் மின்விசிறிகள் பத்து, ஆளில்லாத அறைகளில் பத்து மணி நேரம் சுழன்றால் ஏழரை யூனிட் வீணாகும் என்ற எளிய கணக்கை, எவரையும் கடிந்துகொள்ளாமல் அறை அறையாகச் சென்று விளக்கிய விடுதிப் பிரதிநிதிகளின் பொறுமை பெரிது. கணினித் திரையில் ஸ்கிரீன்சேவர் ஓடுவதால் மின்சாரம் மிச்சமாவதில்லை, திரையை அணைத்தாக வேண்டும் என்பதையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள்.

வேதியியல் ஆய்வக உதவியாளர்களின் பங்கு வெளியே தெரியாதது. நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட், குளிரூட்டப்பட்ட அறைக்காற்றையும் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கதவின் திறப்புக்கேற்பக் காற்றோட்டம் மாறும் வகையைச் சேர்ந்த ஹூட்களில், சோதனை முடிந்ததும் கண்ணாடிக் கதவை இறக்கிவிட்டாலே பெருமளவு மிச்சமாகும். பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் அதை மாணவர்களுக்கு நினைவூட்டி வருபவர்கள் இவர்கள்தாம்.

எந்தெந்த அறைகளில் விளக்கும் விசிறியும் வழக்கமாக அணைக்கப்படாமல் கிடக்கின்றன என்பதை எங்களுக்குச் சொன்னவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அணைக்கும் வேலையை அவர்கள் தலையில் சுமத்துவது முறையன்று. அது அறையைப் பயன்படுத்துவோரின் கடமை. எனினும் அவர்கள் தந்த தகவலைக் கொண்டே எங்கள் முதல் பட்டியலைத் தயாரித்தோம். குழுவின் கூட்டங்களில் அவர்களின் பிரதிநிதி ஒருவர் தொடர்ந்து பங்கேற்க இசைந்திருப்பது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி.

அடுத்து, விடுமுறையிலும் ஓடிக்கொண்டிருக்கும் குளிர்நீர் எந்திரங்களைக் கணக்கெடுக்கவிருக்கிறோம். அதற்கும் உங்கள் அனைவரின் துணையை வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
மாணவர் மின்சிக்கன ஒருங்கிணைப்புக் குழு