ஆக்சிஜன் வருவது தண்ணீரிலிருந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

மரங்கள் கரியமில வாயுவை ஆக்சிஜனாக மாற்றுகின்றன என்றே பலரும் இன்னும் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் கேட்பதில்லை. இலை வெளிவிடும் ஆக்சிஜன், வேர் உறிஞ்சிய தண்ணீரிலிருந்து வருவது! சூரிய ஒளியின் பலத்தால் பச்சையம் நீர் மூலக்கூறைப் பிளக்கிறது. ஹைட்ரஜன் சர்க்கரை தயாரிக்கப் போய்விட, ஆக்சிஜன் வெளியேறுகிறது. 1941-லேயே அமெரிக்க விஞ்ஞானிகள் ரூபனும் கேமனும், ஆக்சிஜன்-18 என்ற கனமான வகை ஆக்சிஜன் கலந்த நீரைப் பாசிக்குக் கொடுத்து, வெளிவந்த வாயுவில் அதே ஆக்சிஜன் இருப்பதைக் கண்டு இதை நிரூபித்துவிட்டார்கள்.

ஹைட்ரில்லா போன்ற நீர்த்தாவரத்தின் தண்டு ஒன்றை வெட்டிக் கண்ணாடி டம்ளர் நீரில் போட்டு வெயிலில் வையுங்கள். வெட்டிய தண்டின் நுனியிலிருந்து மணி மணியாய்க் குமிழிகள் எழும். நிழலுக்கு நகர்த்தினால் குறைந்துவிடும். குழந்தைகளுக்கு அதைக் காட்டுங்கள். உலகில் உற்பத்தியாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்பாசிகள் தருவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

- ஓர் அறிவியல் ஆசிரியை