செங்கோட்டைக்கு 30 பைட்

மான்ட்ரியல்
ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பொங்கலன்று அம்மா போனில் பானையைக் காட்டியபோது இங்கே முந்தின நாள் ராத்திரி. பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். வெளியே குளிர் மைனஸ் 20. அறைக்குள் கதகதப்பாகத்தான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஒரு இலங்கைத் தமிழர் கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொள்கிறேன். கடையில் தமிழ், பஸ்ஸில் பிரெஞ்சு, வகுப்பில் ஆங்கிலம். கேரள எல்லையில் புளியரை தாண்டினால் பேச்சை மாற்றிக்கொள்ளும் ஊரில் வளர்ந்ததால் இது சீக்கிரம் பழகிவிட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஏஐ ஆராய்ச்சிக்கு இப்போதே எந்த கோர்ஸில் சேரலாம் என்று எழுதியிருந்தாய். காசு கட்டி எதிலும் சேராதே. மார்ச்சில் பரீட்சை, உன் பிளஸ் டூ கணக்குப் புத்தகமே இப்போதைக்குப் போதும். அணிகள், பகுதி வகைக்கெழு, நிகழ்தகவுப் பரவல், இந்த மூன்றையும் மார்க் வாங்கியதும் மறந்துவிடாதே. உதாரணங்களைப் பார்த்துத் தன் எண்களைத் திருத்திப் பழகும் ஏஐ அமைப்புதான் நியூரல் நெட்வொர்க். அதன் உள்ளே நடப்பதில் பெரும்பகுதி அணிப் பெருக்கல். அது தப்பாகப் பதில் சொன்னால் எந்த எண்ணை எவ்வளவு திருத்துவது என்பதற்கு உதவுவது, நீ படித்த அதே சங்கிலி விதி. 1986-இல் ருமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்துத்தான் நெட்வொர்க்கைப் பழக்கிக் காட்டினார்கள். அந்த ஹின்டனுக்கு 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது, ஹாப்ஃபீல்டோடு சேர்த்து.

பரீட்சை முடிந்ததும் பைத்தான் கற்றுக்கொள். சென்னை ஐஐடி பேராசிரியர் மிதேஷ் கப்ராவின் டீப் லேர்னிங் (பல அடுக்கு நியூரல் நெட்வொர்க்) வகுப்புகள், ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் இலவசம். அப்புறம் ஒரே ஒரு வேலை. எம்னிஸ்ட் என்று கையால் எழுதிய எண்களின் படத்தொகுப்பு இருக்கிறது: பழக்க 60,000, சோதிக்க 10,000. பைத்தானில் அணிக் கணக்குப் போட உதவும் NumPy-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, அந்த எண்களை அடையாளம் காணும் சின்ன நெட்வொர்க்கை நீயே எழுது. ஒரு மாசம் ஆனாலும் ஆகட்டும். இதற்காக அப்பாவிடம் புது லேப்டாப் கேட்காதே, என் பழையதே தாங்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன செமஸ்டரில் தமிழ்ச் செய்தி வாக்கியங்களை வகை பிரிக்கும் மாடல் செய்தேன். 96 சதவீதம் சரியாக வந்தது. மூன்று வாரம் சந்தோஷத்தில் மிதந்தேன். "சோதனை வாக்கியங்களை நீ வாசித்துப் பார்த்தாயா?" என்று கேட்டார் என் கைடு. நான் வாசிக்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். பஸ் கட்டணம் பற்றிய ஒரே வாக்கியம், கடைசியில் ஒரு புள்ளி மட்டும் விட்டுப்போய், பழக்கும் பக்கத்திலும் சோதிக்கும் பக்கத்திலும் இருந்தது. அது மாதிரி நூற்றுக்கணக்கில். ஏற்கெனவே பார்த்த கேள்விக்கே மாடல் பதில் எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் 81.

அழுதுவிட்டேன். அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். பாவூர்சத்திரம் சந்தையில் லோடு ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தக்காளிப் பெட்டியிலும் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவுவாரே! மேல்காயைப் பார்த்து வாங்கிப் புனலூரில் இறக்கினால் அங்கே யார் முகத்தில் விழிப்பது என்பார். இப்போது எந்தத் தரவு வந்தாலும் முதல் நாள் முழுக்க வாசிப்புதான்.

இந்த செமஸ்டரில் தமிழ் எழுத்தையே நோண்டிக்கொண்டிருக்கிறேன். செங்கோட்டை நமக்கு ஐந்து எழுத்து. கணினியில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஒரு எண் கொடுக்கும் யூனிகோடில் 'செ' என்பது 'ச' ஒன்று, கொம்பு ஒன்று. இப்படி மொத்தம் பத்துக் குறிகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 30 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் Sengottai என்று எழுதினால் 9 பைட்டில் முடிந்துவிடும். அடிக்கடி சேர்ந்து வரும் பைட்டுகளை ஒரு துண்டாகச் சேர்த்து வாசிக்கும் மொழி மாடல்கள் பழகிய உரையில் தமிழ் குறைவாக இருந்தால், நம் சொற்கள் துண்டு துண்டாகச் சிதறுகின்றன. அதே இடத்தில் தமிழ் குறைவாகவே அடங்குகிறது, செலவும் கூடுகிறது. இதைச் சரிசெய்யும் வேலையில் நீயும் என்னோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். ஆச்சி பிறந்தபோது நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது. தமிழும் மலையாளமும் கலந்த அந்தப் பேச்சு எந்தத் தொகுப்பிலும் என் கண்ணில் படவில்லை. மீட்டர்கேஜ் ரயிலில் பதிமூன்று கண் பாலம் தாண்டிப் புனலூர் போன கதையைச் சொல்லச் சொல்லி, அரை மணி நேரம் போனில் பதிந்து அனுப்பு. எதற்கென்று விளக்கி, ஆச்சியிடம் முதலில் சம்மதம் கேள். பதியும்போது ஃபேனை நிறுத்திவிடு. அந்தக் கடகட சத்தத்தில் பேச்சு அமுங்கிப்போகும்.

அன்புடன்,
அக்கா