சதவீதம் பார்ப்பதற்கு முன்

குமரி மாவட்டக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

இறுதிப் பருவத்தில் புராஜெக்ட் அறிக்கை வந்ததும், பிறர் எழுத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாரா என்று காட்டும் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் சதவீதம், கூடுதலாக இருந்தால் அறிக்கை திரும்பிப் போகிறது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு, பிறர் எழுதியதைப் படித்துத் தன் ஆங்கிலத்தில் எழுதும் வித்தையை அதற்கு முன் எந்த வகுப்பில் கற்றுக்கொடுத்தார்கள்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனையில்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மாணவர் காதுக்கு வந்து சேர்வது இந்த எண்கள் மட்டும்தான். எனவே எண்ணைக் குறைக்கப் பழகிவிடுகிறார். மணவாளக்குறிச்சி மணலைப் பற்றிய பத்தியில் 'ஹெவி மினரல்ஸ்' என்றிருந்ததை 'வெயிட்டி மினரல்ஸ்' என்று மாற்றுகிறார். கலைச்சொல் கெட்டது, வாக்கியத்தின் கூடு அப்படியே இருக்கிறது. மென்பொருள் விட்டுவிடலாம், ஆனாலும் அது திருட்டுதான்.

இதற்குப் பதிலாக வகுப்பில் பின்பற்ற வேண்டிய வரிசை இது. மாணவரின் சொந்தத் துறையிலிருந்து 120 சொல்லுக்கு மிகாத பத்தி ஒன்றைக் கொடுங்கள். இருமுறை படித்து மூடி வைக்கட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் சொல்லட்டும். சொல்ல வரவில்லையென்றால் பத்தி புரியவில்லை, எழுதவே விடாதீர்கள். பிறகு மூலத்தைப் பாராமல் ஆங்கிலத்தில் நான்கைந்து வாக்கியம். கடைசியில் மூலத்தைத் திறந்து, தொடர்ந்து நான்கு சொற்கள் ஒன்றுபோல் வந்த இடங்களில் கோடு போடச் சொல்லுங்கள். கலைச்சொல்லை விட்டுவிடலாம், மற்றதை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும், அல்லது திருப்பி எழுத வேண்டும். ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடும். வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்ற விதியை அந்த ஐந்து நிமிடம் தளர்த்தினால் குடி முழுகிவிடாது.

இதில் அதிகம் சறுக்குவது, யார் சொன்னது என்பதில்தான். தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். எழுவாயை விட்டாலும் குழப்பமில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலம் எழுதும்போது, மூல ஆசிரியரின் கருத்தும் மாணவர் கண்டறிந்ததும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பத்தி முடிவில் அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு பெயரைப் போட்டால் தீராது. கருத்து தொடங்கும் வாக்கியத்திலேயே ஆசிரியர் பெயரும் ஆண்டும் வர வேண்டும். அடுத்தது உறுதியின் அளவு: தோவாளைப் பூச்சந்தையில் முப்பது வியாபாரிகளிடம் கேட்டுவிட்டு 'புரூவ்ஸ்' என்று எழுதக் கூடாது, 'சஜெஸ்ட்ஸ்' போதும்.

திருத்தும்போது முதல் வரைவில் கருத்தையும் மூலத்தையும் மட்டும் பாருங்கள். 'ஏ', 'தி' விடுபட்டதற்கெல்லாம் சிவப்பு மை கொட்டினால் மாணவர் அதை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டுப் போவார். இலக்கணத்தை இரண்டாம் வரைவுக்கு வையுங்கள். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் வாரம் பத்துத் தாள் போதும். அவற்றில் ஒன்றைப் பெயர் மறைத்துப் பலகையில் எழுதி எல்லோருமாகத் திருத்தலாம்.

தன்னாட்சிக் கல்லூரிகள் இதைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்கலாம். மற்றக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்: அகமதிப்பீட்டுக்கு இருபது பக்கம் பார்த்து எழுதும் அசைன்மென்டுக்குப் பதிலாக, ஒரே பக்கத்தை இரண்டு வரைவாக, மூலப் பத்தியின் நகலோடு சேர்த்து வாங்குங்கள். முதலாம் ஆண்டிலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட ஆங்கில ஆசிரியர்கள் சிலர்