பில்லை ஏற்றுக்கொண்டால் போதும்: திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏற்றுமதி நிறுவன உரிமையாளர்களுக்கு வணக்கமுங்க.

பணத்தை முன்கூட்டியே கொடுங்கள் என்று கேட்டு இதை எழுதவில்லை. உங்களுக்கு ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை) செய்து கொடுத்தவரின் பில்லை, சரக்கு சரி என்று தெரிந்த கையோடு ட்ரெட்ஸ் தளத்தில், அதாவது பில்லைக் காட்டி வங்கிகளிடம் பணம் பெறும் இணையத் தளத்தில், ஏற்றுக்கொள்ளுங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான்.

நான் கோவையில் பொறியியல் படித்தவள். பெங்களூரில் பணப்பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். பெட்டிக்கடைக்குக்கூட நொடியில் பணம் போய்ச் சேரும் வேலை அது. லீவுக்கு ஊருக்கு வந்தால், பவர்டேபிள் (சிறு தையல் யூனிட்) போட்டிருக்கும் எங்கள் சித்தப்பா ஒரே பில்லுக்கு மூன்று மாதமாக நடந்துகொண்டிருப்பார். கேட்டால் "இன்னும் பாஸ் ஆகலையாமா" என்பார். வேலையை விட்டுவிட்டு இங்கேயே தொழில் தொடங்கினேன்.

நிட்டிங், காம்பேக்டிங், பிரிண்டிங், தையல் யூனிட்காரர்களின் பில், டெலிவரி சலான், ஜிஎஸ்டி கணக்கு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி ட்ரெட்ஸில் ஏற்றித் தருவதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. தனிநபர் கடன் ஆப் போட்டால் சீக்கிரம் வளரலாம் என்று முதலீட்டாளர்கள் சிலர் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். இந்த ஊருக்கு இன்னொரு கடன் ஆப் எதற்கு? செய்த வேலைக்குக் காசு நேரத்துக்கு வந்தாலே பாதிப் பேர் கடனே வாங்கமாட்டார்கள்.

ட்ரெட்ஸ் ஏதோ புது ஆள் கொண்டுவந்த திட்டம் இல்லை. ரிசர்வ் வங்கி 2014-இல் வழிமுறை வகுத்து, 2017 முதல் நடப்பில் இருக்கிறது. யூனிட்காரர் பில்லை ஏற்றுவார். நீங்கள் ஒப்புக்கொண்டதும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அந்த பில்லுக்கு வட்டி குறிப்பிட்டு ஏலம் கேட்கும். பிடித்த வட்டியை யூனிட்காரர் தேர்ந்தெடுத்தால் ஓரிரு நாளில் பணம் நேராக அவர் கணக்குக்கே வந்துவிடும். எங்கள் கைக்கு வராது. தவணை நாளில் நீங்கள் வங்கிக்குக் கட்டினால் போதும். வட்டி உங்கள் நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவாகிறது, யூனிட்காரரின் பெயரை வைத்து இல்லை. அடமானமும் கிடையாது.

4 லட்ச ரூபாய் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஆனால் டெய்லர்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். யூனிட்காரர் மூணு வட்டிக்கு வெளியில் வாங்குகிறார். 90 நாளில் 36,000 ரூபாய் போய்விடும். தையல் கூலியில் அவருக்கு நிற்கும் லாபமே அவ்வளவுதான் இருக்கும். அதே பில்லுக்கு ட்ரெட்ஸில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 10,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. வெளிநாட்டு பையர் சாவகாசமாகத்தான் பணம் தருகிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியபோது ஆர்டர்கள் நின்று நீங்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. அதனால்தான் பணம் கேட்காமல் ஒப்புதல் மட்டும் கேட்கிறேன். தவணை நாளில் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்விடுமே என்பதுதான் பலருடைய தயக்கம். ஆனால் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 முதலே சட்டம் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்திலும் அது ஏறிவிட்டது. காலம் தாண்டி, அந்த நிதியாண்டுக்குள்ளும் கட்டாவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. இதிலிருந்து தப்பிக்க ஒரு நிறுவனம், குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவை நீக்கிவிட்டு வந்தால்தான் ஆர்டர் என்று எங்கள் வாடிக்கையாளரிடம் சொன்னது. அவர் நீக்கிவிட்டார். வேறு என்ன செய்வார்? சட்டத்தைக் காட்டி உங்கள் மேல் வழக்குப் போட எந்த பவர்டேபிள்காரரும் துணியமாட்டார். அடுத்த ஆர்டருக்கும் உங்களிடம்தானே வர வேண்டும்.

250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. சேர்ந்தவர்கள் உங்களில் உண்டு. ஆனால் நாங்கள் ஏற்றிய பில்கள் ஒப்புதலுக்காக வாரக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. அக்கவுண்ட்ஸில் கேட்டால் "மெர்ச்சண்டைசர் பாஸ் பண்ணலை அம்மணி" என்கிறார்கள். ஆர்டரைக் கவனிக்கும் அந்த மெர்ச்சண்டைசரைக் கேட்டால் பில் மேலே போய்விட்டது என்கிறார். அந்த "மேலே" நீங்கள்தான்.

பீஸ் குறைந்தாலோ கறை இருந்தாலோ தாராளமாக டெபிட் நோட் (பில் தொகையில் பிடித்தம் செய்யும் சீட்டு) போடுங்கள். அதைச் சரக்கு வந்த ஒரு வாரத்துக்குள் போட்டு, மிச்சத் தொகையை ஏற்றுக்கொள்ளுங்கள். 250 கோடிக்குக் கீழே இருப்பவர்களும் விரும்பினால் சேரலாம். ஒப்புதல் கொடுக்கும் பொறுப்பை ஒரே ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். அவருக்கு எப்படிச் செய்வது என்று காட்ட, நீங்கள் சொல்லும் நாளில் உங்கள் அலுவலகத்துக்கே வருகிறோம். அதற்கு நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
பல்லடம் சாலையில் தொழில் நடத்தும் உங்கள் ஊர்ப் பெண்